அடுப்பு வண்டி

நான் செய்த எக்செல் ஷீட் அவ்வளவு அழகாக இருந்தது. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். வண்டிக்கு ஒரு நிறம், தெருவுக்கு ஒரு எண், நடக்க முடியாதவர்கள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. பி.டெக் முடித்துவிட்டு எட்டு மாதமாக வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அந்த ஒன்றுதான். நான்கு வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டேன். நான்கிலும் கட்டைவிரல் வந்து விழுந்தது. அதில் ஒரு வீடு விட்டுப்போயிருக்கிறது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

எங்கள் வீடு கோவில்பத்தில். அப்பா ஆபீஸ் போகிறவர். பெரியப்பா மட்டும் இன்னும் விவசாயம். அவர் ஊர் வடக்கே, மண்டபத்தூர் பக்கம். அவர் வயல் வரப்பில் நின்று கிழக்கே பார்த்தால் சவுக்குத் தோப்பு தெரியும். தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவ ஊர். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் நாளைக்கே எனக்குப் போன் வரும்.

போன புயலில் என்ன நடந்தது என்றால், பெரியப்பா ஊர் டிராக்டர்கள் ஜனங்களை ஏற்றிவரத் தார் ரோட்டு முனையில் போய் நின்றன. மீனவ ஊர் ஜனங்கள் கோயில் வாசலில் நின்றார்கள். நடுவில் ஒரு மண் ரோடு. ஒருத்தர் நம்பர் இன்னொருத்தரிடம் இல்லை. பெரியப்பா மட்டும் பொறுமை இல்லாமல் தார் ரோட்டை விட்டு வண்டியை இறக்கினார், அது மணலில் புதைந்து இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மற்ற வண்டிகள் காலியாகத் திரும்பின. ஜனங்கள் மழையில் நடந்தே பெரியப்பா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த ஐப்பசி வரைக்கும் இரண்டு ஊரும் மாறி மாறித் திட்டிக்கொண்டன.

அதனால்தான் இந்த வருடம் எல்லாரும் சேர்ந்து ஒரு குழு. விவசாயிகள் சங்கம், மீனவர் பஞ்சாயத்து, இரண்டு ஊர் மகளிர் குழுக்கள், ஒரு இளைஞர் மன்றம். டிராக்டரும் பள்ளிக்கூடமும் விவசாயிகள் பொறுப்பு. மைக்கும் கயிறும் மீனவர்கள் பொறுப்பு. அண்டாவும் கரண்டியும் மகளிர் குழு. லேப்டாப் என் பொறுப்பு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நானாகப் போய்த் தலையைக் கொடுத்தேன். எனக்கு ஐப்பசி வந்தாலே ஒரு இடத்தில் கால் தரிக்காது. வானிலை ஆப்பைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன்.

மீனவ ஊரின் மீன் ஏலக் கொட்டகையில் முதல் கூட்டம். பஞ்சாயத்துத் தலைவருக்கு ஐம்பது வயது இருக்கும். கைலி, காதில் ப்ளூடூத், பேசும்போது ஆளைப் பார்க்காமல் கடலைப் பார்ப்பார்.

"யாரு ஊட்டுப் புள்ள நீ?"

பெரியப்பா பெயரைச் சொன்னேன்.

"வண்டி குடுக்கமாட்டேன்னு நிக்கிறாரே, அவரா?"

"அவரேதாங்க."

"அப்ப நீ என்ன குடுக்கப்போற?"

"லிஸ்டுங்க."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. நான் அசரவில்லை. "சிரிங்க. போன தடவ லிஸ்டு இல்லாமத்தான எல்லாரும் நனைஞ்சீங்க" என்றேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஊரில் உள்ள எல்லாக் குடும்பமும் வேண்டும் என்று கேட்டேன். தலைவர் கையைக் காட்ட, ஒருத்தர் ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"தலைக்கட்டு நோட்டு. பாத்து எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். தலைக்கட்டு என்றால் என்ன என்று நான் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் தலைக்கட்டு என்றால் குடும்பம். ஷீட்டின் தலைப்பில் 'குடும்பத் தலைவர்' என்று அடித்தேன், முடிந்தது.

ஒத்திகையைப் பகலில் வைத்தோம். காற்று சரியில்லை என்று அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகவில்லை. தார் ரோட்டு முனையில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் பின்னால் மாட்டிய பெட்டியிலும் நான் ஒட்டிய எண். நான் கோயில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பெயர் பெயராக வாசித்தேன். ஒன்றாம் வண்டி நிறைந்தது, இரண்டாம் வண்டி நிறைந்தது. உண்மையில் கொஞ்சம் கெத்தாகத்தான் இருந்தது.

அப்போது எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா வந்தார். வாரத்தில் நான்கு நாள் தலையில் அன்னக்கூடையோடு எங்கள் வாசலில் நிற்பவர். அம்மா அவரிடம் தவிர யாரிடமும் மீன் வாங்கமாட்டார். வீட்டுக்காரர் இறந்து ஐந்தாறு வருடம் ஆகிறது. வீட்டில் பத்தாவது படிக்கும் மகள், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மாமனார். அந்த மாமனாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அக்கா ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் தூக்கிக்கொண்டு மணலில் வந்தார்கள். நாற்காலியை இறக்கிவைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நாங்க எந்த வண்டி பாப்பா?"

லேப்டாப்பில் தேடினேன். இல்லை. மாமனார் பெயரைப் போட்டுத் தேடினேன். இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டேன். பின்னால் வரிசை நின்றுவிட்டது.

"அது தலைக்கட்டுல கெடையாது. அடுத்த பேரப் படி" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"ஒரு நிமிஷங்கா, ஏதோ தப்பாயிருக்கு" என்றேன்.

அக்கா என் திரையை எட்டிப் பார்த்தார். "மீனு ஆய்ஞ்சு குடுக்கையில மட்டும் எம்பேரு ஒங்க லிஸ்டுல இருக்கு" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. மகளைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டு பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்கள். மாமனார் மட்டும் கழுத்தைத் திருப்பி டிராக்டர்களையே பார்த்துக்கொண்டு போனார். நான் மைக்கில் அடுத்த பெயரை வாசித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

ஒத்திகை முடிந்ததும் நேராகத் தலைவரிடம் போனேன்.

"தலைக்கட்டுன்னா என்னங்க?"

"கல்யாணம் ஆன ஆம்பள. ஊர் வரிக்கு உட்பட்டவன்."

"அந்த அக்கா வீடு?"

"கெழவனுக்கு வயசாச்சு, வரி நின்னுபோச்சு. மவன் செத்துட்டான்."

"அப்ப அந்த வீட்ல இருக்கறவங்க?"

"இருக்காங்க" என்றார், கடலைப் பார்த்துக்கொண்டு.

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"நீ கேட்டியா? நோட்டு குடுத்தோம், எழுதிக்கிட்ட. படிச்ச புள்ள, தெரிஞ்சுதான் எழுதுதுன்னு நெனச்சோம்."

செம பல்பு. ஆனாலும் எனக்கு வாய் நிற்காது. "ஒரு நிமிஷத்துல சேத்துடறேன்" என்று லேப்டாப்பைத் திறந்தேன். அவர் உள்ளங்கையை அதன் மேல் வைத்து மூடினார். கோபமாக இல்லை, சாதாரணமாக.

"அந்த நோட்டுல ஒரு பேரு ஏறுச்சுன்னா அது வண்டிக்கு மட்டும் இல்ல. ஊர்க் கூட்டத்துல ஒக்கார்றது, திருவிழாவுல பங்கு, எல்லாம் அதுலதான் இருக்கு. ஊரு கூடித்தான் ஏத்தணும். ஒனக்கு ஒரு நிமிஷம். எங்களுக்கு அது எங்க தாத்தன் காலத்து நோட்டு."

"புயலு ஊரு கூடுற வரைக்கும் நிக்குமாங்க?"

 எழுந்து வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த நான்கு நாள் நான் நானாக இல்லை. வங்கக் கடலில் தாழ்வு என்றார்கள். தாழ்வு மண்டலம் ஆகும் என்றார்கள், ஆகாது என்றார்கள். சாப்பாட்டுத் தட்டோடு போனைப் பார்த்தேன். அம்மா போனைப் பிடுங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். ஏறி எடுத்தேன். கண்ணை மூடினால் மணலில் பிளாஸ்டிக் நாற்காலியின் நான்கு கால் தடம். அக்கா எங்கள் தெருவுக்கு வரவில்லை. முதல் நாள் மீன் பாடு இல்லை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் அடுத்த தெருவில் அவர் குரல் கேட்டது. எங்கள் தெருவை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து கருவாடு திருப்பிக்கொண்டிருந்தார்.

"மீனு இல்ல" என்றார் நிமிராமல்.

"மீனுக்கு வரலக்கா. எம்மேலதான் தப்பு."

"ஒம்மேல என்ன. இருக்குறத எழுதுன."

"ஒங்கள மாதிரி நோட்டுல இல்லாத வீடு இன்னும் எத்தனக்கா இருக்கு?"

"அது எனக்கென்னத்துக்கு?" என்றார். ஆனால் கை கருவாட்டைத் திருப்புவதை நிறுத்திவிட்டது. விரல் மடக்கினார். "கெணத்தடியில ஒரு அடுப்பு. நீலக் கதவுக்குள்ள ரெண்டு அடுப்பு, தலைக்கட்டு ஒண்ணுதான், அக்கா தங்கச்சி தனித்தனியா பொங்குறாளுவ. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால ஒருத்தி, புருசன் ஓடிப்போயிட்டான், அவன் பேரு நோட்டுல இருக்கு, இவ பேரு இல்ல."

"ஏன் அடுப்புன்னு சொல்றீங்க?"

"பின்ன? விடியக்கால நாங்க பொம்பளைங்க எல்லாம் ஒரே லோடு ஆட்டோவுலதான தொறமொகத்து ஏலத்துக்குப் போறோம். எவ ஊட்டுல அடுப்பு எரிஞ்சுது, எவ ஊட்டுல எரியலன்னு பேசிக்கிட்டேதான் போவோம். எரியலன்னா ஏதோ சரியில்லன்னு அர்த்தம். வாரப்ப எட்டிப் பாப்போம்."

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். புதிய ஷீட். தலைப்பில் 'குடும்பத் தலைவர்' இல்லை. 'அடுப்பு' என்று அடித்தேன்.

"என்னா பண்ற?"

"எழுந்திருங்க. தெருத் தெருவாப் போவோம்."

"கருவாட்ட யாரு பாக்குறது, ஒங்க பெரியப்பனா?"

மகளை உட்காரவைத்துவிட்டு எழுந்துதான் வந்தார். மீன் விற்கும் பெண்கள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். சந்து சந்தாக நடந்தோம். நான் பெயர் கேட்டால் அவர்கள் அடையாளம் சொன்னார்கள். கிணற்றடி அடுப்பு, நீலக்கதவு அடுப்பு, நாய் வீட்டு அடுப்பு. எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், அதில் எத்தனை பேருக்கு நடக்க முடியாது. அப்படியே அடித்தேன். நிறம் எதுவும் கொடுக்கவில்லை. கடைசியில் அக்காவிடம் கேட்டேன்.

"ஒங்க அடுப்ப முதல் வரியில போடவா?"

"கடைசில போடு."

"நடக்க முடியாதவங்க முதல்ல ஏறணும்கா."

"எந்த அடுப்புல யாரு யாருன்னு ஒனக்கு மூஞ்சி தெரியுமா? நாந்தான நின்னு ஏத்தணும். ஏத்திட்டு ஏறுறேன்."

கூட்டிப் பார்த்தால் இன்னும் இரண்டு பெட்டி வேண்டும். பட்டியலைத் தலைவரிடம் கொண்டுபோனேன். முழுக்கப் படித்தார். அந்த ஊர் ஆள் அவர், அவருக்கும் அந்த அடுப்புகள் எல்லாம் தெரியும். ஒவ்வொரு வரியிலும் தலை லேசாக ஆடியது.

"இது நம்ம நோட்டு இல்ல" என்றார்.

"இல்லைங்க."

"பொம்பளைங்க போட்டது. அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் கெடையாது." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "ஒங்க பெரியப்பா நம்பரப் போடு."

ஸ்பீக்கரில் போட்டேன்.

"கடக்கரையிலேருந்து பேசுறேங்க. அடுப்பு வண்டிக்குப் பெட்டி கொறையுது."

"என்ன வண்டி?"

"அடுப்பு வண்டி. ஒங்க புள்ள போட்ட லிஸ்டு."

"அது போட்டா நான் குடுத்துரணுமா? போன தடவ எவ்வண்டி ரெண்டு நாளு ஒங்க மணல்ல கெடந்துச்சு. ஒருத்தன் வந்து எட்டிப் பாத்தானா?"

தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு போனிடம் சொன்னார். "பாக்கலதான். இந்தத் தடவ சிக்குனா நாங்க இழுக்குறோம்."

 அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. "மழ பேஞ்சா எஞ்சம்பா வயல்ல தண்ணி நிக்கும். வாய்க்கா கடல்ல சேர்ற எடம் மணல் மூடிக் கெடக்கு. அத யாரு வெட்டுறது?"

"நீங்க வெட்டாதீங்க. கடல் ஏறுற நேரமாப் பாத்து வெட்டி உப்புத்தண்ணிய உள்ள விட்டுக்குவீங்க. எங்க பசங்க கடல் வத்துற நேரம் பாத்து வெட்டிக் குடுப்பாங்க."



"பெட்டிய நல்ல தண்ணில கழுவிக் குடுக்கணும். உப்பு பட்டா துரு ஏறிடும்" என்றார் பெரியப்பா. அவர் சரி என்று சொல்லும் விதம் அதுதான். தன் வண்டியோடு, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியையும் கேட்டு வாங்கிவிட்டார்.

இரண்டு நாளில் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். மறுநாள் காலையில் அது ஐந்தாக மாறியது. மதியத்துக்குள் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். மழை படுத்த வாக்கில் அடித்தது. ஒத்திகையில் காய்ந்திருந்த மண் ரோடு இப்போது கூழ். தலைக்கட்டு வண்டிகளுக்கு நான் பெயர் வாசித்தேன். அடுப்பு வண்டிக்கு மைக்கை அக்காவிடம் கொடுத்தேன்.

"கெணத்தடி, எல்லாரும் வந்தாச்சா? நீலக்கதவு, இப்பயும் ரெண்டு அடுப்பாத்தான் வருவீங்களா, ஒண்ணா ஏறுங்கடி. நாய் ஊடு, நாயி கையில இருக்கா, சரி ஏறு."

பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நிறைந்து கிளம்பியது. பெரியப்பா தன் வண்டியைத் தார் ரோட்டு முனையில் நிறுத்திவிட்டு, மண் ரோட்டில் வண்டியை இறக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். நாற்காலியை அங்கே வரைக்கும் தூக்கிவர முடியாது, இரண்டு இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். நான் ஓடிப்போய் அவர் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இறக்குங்க பெரியப்பா."

"சிக்கிக்கும்டி."

"சிக்கட்டும். சொல்லியிருக்காங்கல்ல."

"சொல்லுறதெல்லாம் வரும்னு நெனச்சுக்கிட்டு..." என்று முணுமுணுத்தபடி கியரைப் போட்டார்.

சிக்கிக்கொண்டது. போன தடவை சிக்கிய இடத்துக்குப் பத்தடி முன்னால்.

நாற்காலி அக்கா வீட்டு வாசலில் நனைந்துகொண்டிருந்தது. மாமனார் மேல் ஒரு தார்ப்பாய். மைக்கை வைத்துவிட்டு வந்த அக்கா, தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு டிராக்டர் சக்கரம் மண்ணைக் கிழித்துக்கொண்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டன.  பட்டியலில் கடைசி வரி. கடைசியில் போடச் சொன்னவர் அவர், போட்டவள் நான்.

தலைவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர், படகு கட்டும் தடித்த கயிறோடு. சிலர் படகுக்கு அடியில் கொடுக்கும் உருளைக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டையைத் திணித்து, கட்டையைக் கொடுத்து, கயிற்றை முன்னால் மாட்டினார்கள்.

"என்ஜின முறுக்காதீங்க, அணைச்சுருங்க" என்று தலைவர் பெரியப்பாவிடம் கத்தினார். "வண்டின்னு நெனைக்காதீங்க. படகுன்னு நெனச்சு சும்மா ஒக்காருங்க."

ஒருத்தர் குரலை நீட்டிக் கொடுத்தார். அது முடிகிற இடத்தில் எல்லாரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். மறுபடி குரல், மறுபடி சாய்ந்தார்கள். நானும் கயிற்றைப் பிடித்தேன். எல்லாரும் இழுக்கும்போது விட்டேன், விடும்போது இழுத்தேன். "நீ தள்ளி நில்லு பாப்பா, எங்களயே பின்னால இழுக்குற" என்றார் முன்னால் நின்றவர். நான்காவது இழுப்பில் டிராக்டர் ஒரு பக்கமாக எழுந்து கட்டை மேல் ஏறியது. அப்படியே அக்கா வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு போனார்கள். நாற்காலியோடு மாமனாரைத் தூக்கிப் பெட்டியில் வைத்துக் கயிற்றால் கட்டியது தலைவர்தான். அக்கா கடைசியாக ஏறினார். ஏறி நின்று தெருவை ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிட்டு, "ம், எடுங்க" என்றார். தார் ரோடு வரைக்கும் மறுபடி அதே கயிறு, அதே கட்டை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், புயல் எங்களைத் தொடவே இல்லை. வடக்கே போய்க் கரை ஏறியது. எங்களுக்கு மழைதான், காற்றுக்குச் சில கூரை போயிற்று. பெரியப்பா இரண்டு நாள், "இதுக்குத்தான் இந்தக் கூத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மீனவ ஊர்ப் பையன்கள் மண்வெட்டியோடு வந்து, கடல் வற்றிய நேரம் பார்த்து வாய்க்கால் வாயை வெட்டிவிட்டார்கள். வயல் தண்ணீர் சாயங்காலத்துக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை. பெட்டியைக் கழுவிய விதம் சரியில்லை என்று மட்டும் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு நடந்த ஒன்று பாக்கி இருக்கிறது. தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர் மொத்தம் எத்தனை பேர் என்று தலைவரிடம் கேட்டார். தலைவர் பாலிதீன் கவரிலிருந்து தலைக்கட்டு நோட்டை எடுத்தார். பிரித்தார். ஒரு பக்கம் புரட்டினார். மூடி மறுபடி கவருக்குள் வைத்தார்.

"அந்தம்மாகிட்ட கேளுங்க" என்று அக்காவைக் காட்டினார்.

அக்கா அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று சோறு போட்டுக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைக்காமலேயே எண்ணிக்கையைச் சொன்னார்.

அந்த நோட்டில் இன்றைக்கு வரைக்கும் ஒரு பெயர்கூடக் கூடுதலாக ஏறவில்லை. ஊர் இன்னும் கூடவில்லை. நான் கேட்கும்போதெல்லாம் தலைவர் கடலைப் பார்க்கிறார். கேட்பதை நான் விடப்போவதில்லை. அக்கா மறுபடி எங்கள் தெருவுக்கு வருகிறார், எனக்கு மட்டும் பேரம் பேச அனுமதி இல்லை. அடுப்புப் பட்டியல் என் லேப்டாப்பில் இருக்கிறது, ஆனால் அது ஒரு நாளும் முடிந்தபாடில்லை. இன்று காலை, நான் பல்கூட விளக்கவில்லை, போன்.

"பாப்பா, ரெண்டாவது தெருவுல ஒரு அடுப்பு பிரிஞ்சிருச்சு. மாமியாளும் மருமவளும் சண்ட. தனித்தனியா ஒல வைக்கிறாளுவ."

"ரெண்டையும் ஒரே வண்டில ஏத்தலாமாக்கா?"

"ஏத்தலாம். பக்கத்துப் பக்கத்துல மட்டும் ஒக்கார வைக்காத."